சனிக்கிழமை நான் சைக்கிளில் வருகிறேன்

அன்பு மகனுக்கு,

உன் கலியாணத்துக்கு அம்மாவோடு காரில் வந்து இறங்கலாம், குளத்தடி வரைக்கும் கார் போகும், நடக்கக்கூடத் தேவையில்லை என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தாய். அவள் அதை ஒரு சொல் பிசகாமல் என்னிடம் ஒப்புவித்தாள். நான் காரில் வரமாட்டேன். மாசி மாதம் நான் பிடித்த அடத்தின் மிச்சம் என்று இதை நினைத்துவிடாதே. சனிக்கிழமை காலை நீயும் காவியாவும் உங்கள் கூட்டாளிகளும் புறப்படுகிற இடத்துக்கு நானும் என் சைக்கிளோடு வருவேன். முப்பத்தெட்டுக் கிலோமீற்றரும் உங்களோடு ஓடிக் குளத்தடிக்கு வந்து சேருவேன். எனக்கு அறுபத்து மூன்று வயது, இரண்டு முழங்காலிலும் நோவு, சீனி வருத்தம் வேறு. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாத சில விடயங்களைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நேரில் கதைத்தால் நான் மூன்றாவது வசனத்தில் கோபப்படுவேன், நீ நாலாவது வசனத்தில் எழும்பிப் போய்விடுவாய். எழுதினால் இரண்டு பேரும் கடைசி வரைக்கும் இருக்கலாம்.

முதலில் மாசி மாதத்தை முடித்துவிடுகிறேன். மோர்னிங்சைட் வீட்டுச் சமையலறையில் அம்மா கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். நீ ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் மேசைக்கு முன்னால் நின்றபடி சொன்னாய். "மண்டபம் இல்லை அப்பா. நாப்பது பேர்தான். வடக்கை காட்டுக்குள்ளை ஒரு சின்னக் குளம் இருக்கு, அதடியிலை தாலி கட்டுறம். கல்லும் மண்ணுமான கிறவல் றோட்டாலை பைக்கிலை போறம். ஏலாத ஆக்கள் காரிலை வரலாம்." ஐயரும் சைக்கிளிலையோ என்று நக்கலாகக் கேட்டேன். அவர் காரில் வருவார் என்றாய். "அப்ப அவருக்காவது மூளை இருக்கு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் அப்படி நின்ற வாயில்லை. ஊர் உலகத்துக்குச் சொல்லிச் செய்கிறதுதான் கலியாணம், மண்டபம் எடுத்தால் வாறன், இல்லாவிட்டால் நான் வரேல்லை என்றேன். நீ சத்தம் போடவில்லை. "மண்டபம் எடுத்தா, வாசல்லை நிண்டு ஆக்களை வரவேற்கிறது ஆர்? நீங்களோ அப்பா?" என்று மட்டும் கேட்டாய். அம்மா தண்ணிக் குழாயை மூடினாள். நீ கதவைத் திறந்துகொண்டு போனாய். ஏன் அப்படிக் கேட்டாய் என்று எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி அம்மாவோடு அன்று முழுக்கச் சண்டை பிடித்தேன்.

இந்தக் கடிதத்தைக் காவியாவும் குடும்பத்தில் வேறு சிலரும் வாசிக்கப் போகிறார்கள். அவர்களுக்காக அந்த வாசல் கதையை நானே சொல்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் என் தங்கையின் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு. ஸ்காபரோவில் பெரிய மண்டபம், ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், பன்னீர்ச்செம்பு வீட்டில் கிடக்கிறது. அம்மா உனக்குப் போன் எடுத்தாள். நீ காலையில் ஒரு கூட்டத்தைக் காட்டுப்பாதையில் கூட்டிக்கொண்டு போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாய். றோட்டு முழுக்க நெரிசல், கார் நகராது என்று சைக்கிளிலேயே வீட்டுக்குப் போய்ச் செம்பை முதுகுப்பைக்குள் வைத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தாய். தொடை வரைக்கும் சேறு. இறுக்கமான அரைக்கால் சட்டை. நான் வாசலில் பட்டு வேட்டியோடு லண்டனிலிருந்து வந்த என் பழைய கூட்டாளிக்குக் கை கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். உன்னைச் சின்னப் பிள்ளையில் பார்த்தவன் அவன். "உது ஆர்?" என்று கேட்டான். நான் உன் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன். "தெரிஞ்ச பொடியன். சாமான் கொண்டு வந்தவன்."

நீ மூன்றடி தூரத்தில் நின்றாய். செம்பை எடுத்து என் கையில் தந்தாய். "ஓகே அங்கிள்" என்றாய். திரும்பிப் போய்விட்டாய்.

அந்தச் சொல்லோடு நான் இரண்டு வருடம் இருந்திருக்கிறேன். உனக்கு அது தெரியவேண்டும். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டு பன்னீர் தெளித்தேன், படத்துக்கு நின்றேன், மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு நீ கோபமாக இருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். "அவனை ஆர் அந்தக் கோலத்திலை வரச்சொன்னது?" என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் குற்றம் சாட்டினேன். நாங்கள் தகப்பன்மார் நெடுகலும் பழகிய வித்தை இது. நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்தால் இந்த ஒன்றை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே. பிழை செய்த அன்றைக்கே கேட்டுவிடு. ஒரு நாள் பிந்தினால் அடுத்த நாள் அது இரண்டு மடங்கு பாரமாக இருக்கும், அதற்கடுத்த நாள் தூக்கவே ஏலாது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன், நியாயம் சொல்வதற்காக அல்ல. நீ இஞ்சினியரிங் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டுச் சைக்கிள் திருத்துகிற கடைக்குப் போனாய். பிறகு அதை நீயே நடத்தத் தொடங்கினாய். எங்கள் ஆட்களுக்குச் சைக்கிள் கடை என்றால் என்ன தெரியுமா? சந்தியில் ஒரு தகரக் கொட்டில், ஒரு சட்டி தண்ணி, ரியூப்பை அமுக்கிக் குமிழி பார்க்கிற ஒரு மனிசன், கை முழுக்க ஒயில். சைக்கிள் என்றால் காருக்கு வழியில்லாதவன் ஓடுவது. கிறவல் றோட்டு என்றால் தார் போட ஆளில்லாத றோட்டு. இவை மூன்றிலுமிருந்து தப்பி வந்ததுதான் கனடா என்று நான் நினைத்திருந்தேன். நீயோ தார் றோட்டெல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிறவலைத் தேடிப் போகிறாய், போதாததற்கு இன்னும் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு போகிறாய். கேட்கிறவர்களுக்கு எல்லாம் "மகன் இஞ்சினியர், சைக்கிள் சும்மா பொழுதுபோக்கு" என்று சொல்லி வந்தேன். அதுவரை நாலு வருடம் சொன்ன பொய் அன்று வாசலில் சேற்றோடு வந்து நின்றபோது, பொய்யைக் காப்பாற்றிவிட்டு உன்னைக் கைவிட்டேன்.

சித்திரையில் பனி கரைந்த பிறகு ஒருநாள், குறை கண்டுபிடிப்பதற்காகத்தான், நீ உன் கடையின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிற பாதைகளைத் திறந்து பார்த்தேன். அப்படி என்ன கலியாணம் வைக்கிற அளவுக்கு அந்தக் காட்டுக்குள் இருக்கிறது என்று பார்க்க நினைத்தேன். படத்தில் ஒரு சிவப்புக் கோடு வளைந்து வளைந்து போகிறது, கோட்டுக்குக் கீழே நீ எழுதிய குறிப்புகள். நாலாவது கிலோமீற்றரில் பண்ணை வீட்டு நாய் குரைக்கும், கடிக்காது. இந்த இறக்கத்தின் அடியில் மணல் நிற்கும், முன் பிரேக்கைத் தொடவேண்டாம். இங்கே தண்ணீர்க் குழாய் இருக்கிறது, ஐப்பசிக்குப் பிறகு பூட்டிவிடுவார்கள். முழங்கால் நோவுள்ளவர்கள் இந்த ஏற்றத்தில் இறங்கித் தள்ளலாம், நானும் தள்ளுவதுண்டு. இங்கிலீஷில் எழுதியிருந்தாய், ஆனால் வாசிக்கும்போது உன் குரல் கேட்டது. தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் மெஷினுக்கு முன்னால் நின்றவன் நான். அந்த மெஷின்களை வரைந்த இஞ்சினியர்மார் ஒருத்தராவது கீழே இறங்கி வந்து, எங்கள் கை எங்கே போகும், முதுகு எப்படி வளையும் என்று பார்த்ததில்லை. நீ முகம் தெரியாத ஒருவனின் முழங்காலை நினைத்து ஒரு வசனம் எழுதியிருக்கிறாய். அதற்குப் பிறகு குறை கண்டுபிடிக்கிற வேலை எனக்குச் சரிவரவில்லை.

அடுத்த கிழமையே யூனியன்வில்லில் ஒருவரிடம் பழைய கிறவல் சைக்கிள் ஒன்றை வாங்கிக் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். கராஜுக்குள் பழைய கட்டில் மெத்தைக்குப் பின்னால் ஒளித்தேன். செவ்வாயும் வியாழனும் நூலகத்துக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஸ்டோவில்லுக்கு வடக்கே போய்க் காரை நிறுத்துவேன். முதல் நாள் நீளக் காற்சட்டைதான், அதன் நுனியைக் காலுறைக்குள் செருகியிருந்தேன். நாலு கிலோமீற்றரில் மூச்சு வாங்கி ஒரு வேலியில் சாய்ந்து நின்றேன். உன் குறிப்பில் இருந்த நாய் குரைத்தது. நீ சொன்னபடி கடிக்கவில்லை.

அந்த இடத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்ல ஆசையாக இருக்கிறது. முப்பத்தொரு வருடம் இந்த நகரத்தில் இருக்கிறேன். நானூற்றொன்று நெடுஞ்சாலையும், வேலையும், கோயிலும், மண்டபங்களும்தான் எனக்கு ரொறன்ரோ. வீட்டிலிருந்து முக்கால் மணித்தியாலத்தில் இப்படி மேடும் பள்ளமுமாக ஒரு நிலம் கிடக்கிறது என்று தெரியாது. பெரிய பனிப்பாளங்கள் முன்னொரு காலத்தில் கொட்டிவிட்டுப் போன மணலும் கல்லும்தான் அந்தக் குன்றுகள் என்று உன் குறிப்பில் படித்தேன். மணலுக்குள் புதைந்த பனிக்கட்டிகள் உருகி உண்டான பள்ளங்களில்தான் தண்ணி நின்று குளமாகியிருக்கிறது. ஆறு வந்து விழாத, வாய்க்கால் வெளியே போகாத குளங்கள். ஒரு காலத்தில் மரத்தையெல்லாம் வெட்டி, மணல் புழுதியாகப் பறந்து, பிறகு மனிதர்கள் வரிசை வரிசையாக நட்டு வளர்த்த பைன் மரங்களுக்கு நடுவே ஓடும்போது சக்கரத்தின் சத்தமே கேட்காது, கீழே ஊசியிலை மெத்தை. வைகாசி கடைசியில் ஒருநாள், அந்த மரங்களுக்கிடையில் நின்று, நீ வீட்டில் ஏன் அவ்வளவு குறைவாகக் கதைக்கிறாய் என்று யோசித்தேன். இங்கே வந்து பழகியவனுக்கு எங்கள் வீட்டுச் சத்தம் தாங்காதுதான்.

ஆனியில் விழுந்தேன். நீ முன் பிரேக்கைத் தொடவேண்டாம் என்று எழுதிய அதே இறக்கம், அதே மணல். பயத்தில் தொட்டுவிட்டேன். முழங்கை உரிந்து தோலுக்குள் கல் ஏறிவிட்டது. கோயில் படியில் சறுக்கினேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புருவம் பிடுங்குகிற சின்னக் குறட்டால் ஒவ்வொரு கல்லாகக் கிளறி எடுத்தாள். ஆறாவது கல்லை எடுத்த பிறகு, "கோயிலடியிலை எப்பவப்பா கிறவல் கொட்டினவை?" என்று கேட்டாள். நான் முழங்கையை இழுக்கப் பார்த்தேன். "கராஜுக்குள்ளை மெத்தைக்குப் பின்னாலை நிக்கிறதை நான் சித்திரையிலையே கண்டிட்டன். நூலகத்துக்குப் போற மனிசன் வேர்த்து விறுவிறுத்தோ வாறது? உங்கடை காலுறையைத் தோய்க்கிறது நான்தானே" என்றாள். ஆதலால் மகனே, பெண்சாதிக்கு ஒளித்து எதையும் செய்யாதே. அவளுக்குத் தெரியும். தெரிந்ததை அவள் எப்போது சொல்வாள் என்பதுதான் உனக்குத் தெரியாது. அன்றிலிருந்து வியாழக்கிழமைகளில் அவளே பேரீச்சம்பழத்தை ஒரு பையில் போட்டுத் தருகிறாள், சீனி இறங்கினால் சாப்பிட.

காவியாவின் விடயத்தையும் சொல்லிவிட வேண்டும், அவளோடு நீ சண்டை பிடிக்கக் கூடாது. ஆடி மாதம் ஒரு வியாழன், பின் சக்கரம் காற்றுப் போய்ப் பாதையோரம் இருந்தேன். ரியூப் ஒட்டுவது எனக்குத் தெரியாத வேலையா? கழற்றிப் பார்த்தால் உள்ளே ரியூப்பே இல்லை, பால் மாதிரி எதுவோ வடிகிறது. கையெல்லாம் அப்பிக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தி வந்து நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்றினால் என் மருமகளாகப் போகிறவள். "அங்கிள்! ஆர் யூ ஓகே? இங்க தனிய என்ன செய்றீங்க?" மட்டக்களப்புத் தாய் தகப்பனுக்குப் பிறந்து இங்கே அஜக்ஸில் வளர்ந்த பிள்ளை, அவள் கதைக்கும்போது மட்டக்களப்பும் கனடாவும் சேர்ந்து வரும். நான் முழுக்கதையையும் சொன்னேன். அவள் ஒரு சிறிய ரப்பர்த் திரியை ஓட்டைக்குள் செருகிக் காற்றடித்துத் தந்தாள். "மகனுக்குச் சொல்லாதை பிள்ளை" என்றேன். "நான் அவருக்குப் பொய் சொல்லமாட்டன் அங்கிள். கேட்டா சொல்லுவன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா கேட்கமாட்டார். உங்களப் பற்றி அவர் ஒண்டுமே கேட்கிறேல்ல" என்றாள். அவள் என்னை நோகடிக்கச் சொல்லவில்லை. பச்சைப் பிள்ளை மாதிரி உள்ளதைச் சொன்னாள். நான் காருக்குத் திரும்புகிற வழி முழுக்க அழுதுகொண்டே பெடலை உழக்கினேன். ஓடுகிறபோது அழுவது நல்லது, காற்று துடைத்துவிடும்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேலை இல்லாத வியாழன்களில் என்னோடு வந்தாள். கல் இளகியிருக்கும் இடத்தில் நான் பிடியை இறுக்கிப் பிடிப்பேன். "கைய லூஸா விடுங்க அங்கிள், சைக்கிள் தன்ட பாட்டுக்கு ஆடட்டும், அது விழாது" என்பாள். நான் உன்னை வளர்த்த காலமெல்லாம் இறுக்கித்தான் பிடித்திருந்தேன். உன் படிப்பைப் பிடித்தேன், உடுப்பைப் பிடித்தேன், உன்னைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்பதையும் பிடித்தேன். அவளோடு சேர்ந்து ஆவணியில் முழுப்பாதையும் ஒரு தரம் ஓடி முடித்தேன். மூன்று மணித்தியாலமும் பத்து நிமிடமும். நீ தள்ளலாம் என்று எழுதிய ஏற்றத்தில் தள்ளினேன். குளத்தடியில் இறங்கி முகம் கழுவினேன். நல்ல இடம் பார்த்திருக்கிறாய். இதை மாசியில் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது நேற்று நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். சபையில் செய்த பிழையைச் சமையலறைக்குள் வைத்துத் திருத்த ஏலாது. அதனால் லண்டன், பாரிஸ், கொழும்பு, இங்கே என்று எங்கள் சொந்தக்காரர் எல்லாரும் இருக்கிற குடும்பக் குழுவில் எழுதினேன். என் மகன் இஞ்சினியர் இல்லை, சைக்கிள் கடை நடத்துகிறான், காட்டுப்பாதைகளைக் கண்டுபிடித்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறான், அந்த வேலையில் கெட்டிக்காரன், சனிக்கிழமை அவனுக்குக் கலியாணம், அவன் கேட்டபடி நாற்பது பேருக்குத்தான் சொல்லியிருக்கிறது, இவ்வளவு நாளும் நான் சொன்னது பொய் என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பெரியண்ணை போன் எடுத்தார். "என்னடா, ஆறு வருசமா இஞ்சினியர் எண்டனி?" "ஓம் அண்ணை, பொய் சொன்னனான்." "ஏன்டா?" "வெக்கத்திலை." "என்ர சின்னவன் டொக்டர் எண்டு சொன்னனான் எல்லே, அவன் ஆஸ்பத்திரியிலை கொம்பியூட்டர் பாக்கிறவன்" என்றார். லண்டன் கூட்டாளிக்கு நானே தனியாக எடுத்தேன். அன்றைக்குச் செம்பு கொண்டு வந்தவன் என் மகன் என்றேன். அவன், "எனக்கு அண்டைக்கே தெரியும், மூக்கு உன்ர மூக்கு" என்றான். ஆக, அந்த வாசலில் என்னை நம்பியவன் ஒருவனும் இல்லை. உன்னை நோகச் செய்ததுதான் மிச்சம். மன்னித்துவிடு மகனே. இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இனிச் சனிக்கிழமை. மாப்பிள்ளைக்குப் பாலறுகு வைக்காமல் எங்கள் வீட்டில் கலியாணம் நடந்ததில்லை, நடக்கவும் விடமாட்டேன். அம்மா சட்டியில் வளர்க்கிற அறுகம்புல்லையும் போத்தலில் பாலையும் கொண்டு ஏழு மணிக்கு நீங்கள் புறப்படுகிற இடத்துக்கு வருவாள். ஹெல்மெட் போடமுதல் தலையைக் குனிந்து நில், இரண்டு பேரும் வைத்துவிடுகிறோம். பிறகு அவள் காரில் குளத்தடிக்குப் போவாள், நான் உங்களுக்குப் பின்னால் வருவேன். மருத்துவரிடம் காட்டிவிட்டேன், நெஞ்சு சரி என்றார், முழங்காலைப் பற்றித் தலையை ஆட்டினார். வழியில் எனக்காக ஒரு இடத்திலும் நிற்கவேண்டாம், திரும்பிப் பார்க்கவும் வேண்டாம், எனக்குப் பாதை தெரியும். நான் உன்னோடு ஓடுவது உனக்கு விருப்பமில்லை என்றால் அதையும் சொல், கோபிக்கமாட்டேன். நீங்கள் போய்ப் பத்து நிமிடம் கழித்து நான் தனியாகப் புறப்படுவேன். அது பொதுப்பாதை, ஒருவரும் மறிக்க ஏலாது. ஐயரிடம் கேட்டுவிட்டேன், முகூர்த்தம் பன்னிரண்டேகால் வரைக்கும் இருக்கிறதாம். நான் வந்து சேரும்வரைக்கும் தாலியைக் கட்டிவிடாதே.

அப்பா